பெரியவர் பிடிக்காத பீடி

பெரியவருக்கு மூக்கு இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை. நுரையீரல் மட்டும்தான் உண்டு. அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள், இளஞ்சூட்டு நீரில் மிதந்தபடி, நிமிடத்துக்குப் பதினாறு தடவை உப்பி அடங்கும். இருபத்திரண்டு வருடமாக ஒருநாள்கூட லீவு போடாமல் அந்தக் கோயம்புத்தூர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரே ஆள் அவர்தான் என்று ஊழியர்கள் கேலி பேசுவார்கள்.

வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. நாட்டில் எந்தக் கம்பெனி புதிதாக ஒரு வேப், அதாவது மின்சிகரெட், கொண்டுவந்தாலும், அதன் ஆவியை முதலில் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் 'பாப்பா' உறிஞ்ச வேண்டும். பாப்பா நோய்நொடி இல்லாத இளம் நுரையீரல், ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக வளர்த்தது. இருபது வருடத்தில் ஒருவன் இழுக்கும் ஆவியை ஆறே மாதத்தில் இயந்திரம் அதற்குள் செலுத்திவிடும். பிறகு பாப்பாவுக்கு ஆன சேதத்தைப் பெரியவரின் சேதத்தோடு ஒப்பிடுவார்கள். பெரியவர், இருபது வருடம் புகைபிடித்து நாசமாய்ப் போன ஒரு மனிதரின் நுரையீரல். அவருக்குச் சேத மதிப்பெண் நூறு. புது வேப் இருபதைத் தாண்டாவிட்டால் டப்பாவில் பச்சைப் பட்டை போட்டுக்கொள்ளலாம். புகையைவிட இத்தனை மடங்கு நல்லது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கலாம். எல்லா ஆய்வகத்துக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமே, பெயர் சொல்லாத குறையாக, பெரியவரின் ஆஸ்பத்திரி எண்ணைக் குறித்திருந்தது. மற்ற நகரங்களில் இருந்தவையும் இவரிடமிருந்து கிள்ளி வளர்த்த துண்டுகள்தான்.

இந்த இரண்டு பெட்டிகளுக்கும் பன்னிரண்டு வருடமாகச் சம்யுக்தாதான் காவல், வைத்தியம், பணிவிடை எல்லாம். நாற்பது வயது. வாயைத் திறந்தால் மிளகாய். ஆயுத பூஜையன்று நுண்ணோக்கிக்கும் தராசுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, பெரியவர் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைப்பது அவள் கொண்டுவந்த வழக்கம். இந்த வருடமும் வைத்தாள். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெட்டியின் முகப்பில் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

அந்தப் போட்டோதான் வினையாக முடிந்தது. ஆய்வகக் கேன்டீனில் சமைக்கும் பெண் அதைத் தன் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் துளசிமணி. வயது அறுபத்து மூன்று. அன்றிலிருந்து மூன்று நாளாக அவள் ஆய்வகத்தின் கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரம், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் அட்டை. அதில், 'எங்கய்யன் மூச்சை நிறுத்து.'

"அந்தம்மாவைப் பேசி அனுப்புங்க," என்றார் இயக்குநர் கிருபாகரன். குரலே உயர்த்தாத மனிதர். சம்யுக்தாவுக்கு அதனாலேயே அவரைப் பிடிக்காது.

"நான் என்ன பஞ்சாயத்துப் பண்றவளா சார்? கொய்யா வாசனை வேப்புக்கு இன்னிக்குச் சான்றிதழ் எழுதணும்."

"நீங்க சண்டை போடறவங்க. இப்ப அதான் வேணும்."

சம்யுக்தா கடுகடுவென்று வெளியே போனாள். அவளுக்கு அன்றைக்கு யாரோடாவது சண்டை போட வேண்டியும் இருந்தது. தம்பி நிகிலன் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். முப்பத்தொரு வயதுக்காரன், பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு முட்டியது. உயிருள்ள நுரையீரல் ஒட்டு வைத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் தீபாவளி தாண்டமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒட்டு வைப்பதற்கான வரிசையில் அவன் எண் நானூற்றுப் பதினொன்று. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான்.

"என்னங்கம்மா வேணும் உங்களுக்கு?"

துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "எங்கய்யன் வேணும்."

"இது ஆய்வகம். இங்க ஆள் யாரும் இல்ல."

"அங்கண்ணன். மூணு மூணு ஒண்ணு ஏழு. அந்த நம்பரு எனக்கு மனப்பாடம் அம்மிணி. மூணு வருசம் ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்த நம்பரக் கூப்புடுவாங்களான்னு காதத் தீட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தவ நானு. உங்க பொட்டிமேல அதே நம்பரு, எங்கய்யன் பேருக்கு மொத எழுத்தோட." மடியிலிருந்து மக்கிப்போன ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். எண் சரியாக இருந்தது. சம்யுக்தாவுக்கு அந்தச் சீட்டின் அச்செழுத்துகூடப் பழக்கமானது.

"அப்ப ஆபரேசன்ல எடுத்து உறையவெச்சிருந்த துண்டுங்க அது. உங்க அப்பாவே கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்திருக்காரு."

"கைநாட்டு. படிச்சுக் காட்டாம வாங்குனது. இருக்கட்டும். எங்கய்யன் கடைசி மூணு வருசம் படுத்துத் தூங்கல. படுத்தா மூச்சு நின்னுரும்னு செவுத்துல சாஞ்சே கெடந்தாரு. செத்தன்னிக்கு எங்கம்மா அழுகல தெரியுமா? போதும், இனி மூச்சு வுடவேண்டாம்னு சொல்லுச்சு. நாப்பது வருசமாச்சு. நீங்க இன்னும் அவர இழுத்துட்டுக் கெடக்க வெச்சிருக்கறீங்க."

சம்யுக்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை அவள். "பீடி குடிக்காம இருந்திருந்தா அந்தக் கதி வந்திருக்காது."

துளசிமணி சிரித்தாள். அதில் ஈரமே இல்லை. "எங்கய்யன் பீடி குடிச்சதே இல்ல."

"இருபது வருசம்னு சீட்டுலயே இருக்குதுங்க."

"இருக்கும். அவரே சொன்னதுதான். பஞ்சாலைல பஞ்சு பிரிக்கற ரூம்ல வேலை. உள்ள நின்னா எதுக்க நிக்கறவன் மூஞ்சி தெரியாது, அத்தன பஞ்சு பறக்கும். அங்க நெருப்பு ஆகாது. அதனால பீடி குடிக்கறவனுக்கு மட்டும் ஒரு ஷிப்டுக்கு ரெண்டு வாட்டி, பத்துப் பத்து நிமிசம் பின்னால கொட்டாய்க்குப் போக வுடுவாங்க. குடிக்காதவன் உள்ளயே கெடக்கோணும். அவனுக்கு வெளிய என்ன சோலின்னு கேப்பாங்க."

"அதுக்கு?"

"அதுக்கு, மில்லுல அத்தன பேரும் பீடிக்காரங்க ஆயிட்டாங்க. எங்கய்யன் காதுல ஒரு பீடி சொருகியிருக்கும். ஒரே பீடி, மாசக்கணக்கா. கட்டுன நூலு பிரிஞ்சா எங்கம்மா வேற நூல் கட்டிக் குடுக்கும். பொகைக்காரங்ககிட்ட இருந்து தள்ளி, புங்கமரத்தடியில போயி நின்னுக்கிட்டு, அதக் கையில புடிச்சாப்பலயே வெறுங்காத்த இழுத்துட்டு வருவாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கறப்ப பக்கத்துலயே மில் சூப்பர்வைசர் நிக்கறாரு. பழக்கம் இல்லைன்னு சொன்னா கொட்டாய் போச்சு. இத்தன வருசம் ஏமாத்துனயான்னு வேலையும் போகும். இருவது வருசமாக் குடிக்கறனுங்கன்னு சொல்லிட்டாரு."

"செத்தவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுல உத்தமருதாங்க," என்றாள் சம்யுக்தா.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். உங்கிட்டதான இருக்கறாரு. நீயே பாத்துட்டு வந்து சொல்லு."

கிழவி பொய் சொல்கிறாள் என்று நிரூபித்துவிட்டு வந்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்ற வேகத்தில்தான் சம்யுக்தா உள்ளே போனாள். பெரியவரை முதன்முதலில் வெட்டி எடுத்தபோது மெழுகில் பதித்து வைத்த துண்டு ஒன்று குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. பதினைந்து வருடமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள்.

புகைபிடித்த நுரையீரலில் துப்புரவு செல்கள் என்று உண்டு. தாரைத் தின்று தின்று பழுப்பேறி, ஓட்டல் அடுப்படிச் சுவர் மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் ஊதிய ஒருவரிடம் அவை இல்லாமல் போவது கிடையாது. சம்யுக்தா ஒரு மணி நேரம் தேடினாள். வேறு துண்டு சீவித் தேடினாள். இல்லை. மூச்சுக்குழாய்கள் மட்டும் தடித்து, சளி அடைத்து, ஊசி நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தன. குழாய்களின் முனையில் இருக்கும் காற்றுப் பைகள் ஏறக்குறைய நல்லபடியாகவே இருந்தன. சிகரெட்டோ பீடியோ அந்தப் பைகளையும் அரித்துத் தின்னாமல் விடாது. கல்லூரியில் முதல் வருடம் படித்த பாடம். பன்னிரண்டு வருடமாகப் பெரியவருக்குப் பொட்டு வைத்தவள், ஒருநாள்கூட அவரை உற்றுப் பார்க்கவில்லை.

குழாயைக் கெடுத்தது பஞ்சுத் தூசி. ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல. அடுத்து வந்த யோசனை.

அளவுகோலைச் செய்தவர்கள், பெரியவருக்கு எங்கே சேதம் அதிகமோ அங்கேதான் அளக்கச் சொல்லியிருந்தார்கள். குழாய்களில். புதிய வேப் ஒவ்வொன்றையும் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டுக் குழாய் எவ்வளவு தடித்தது என்று பார்த்தார்கள். காற்றுப் பைகளை இயந்திரம் தன்பாட்டுக்கு அளந்து ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தது. சட்டம் கேட்காததால் யாரும் அதைத் திறந்ததில்லை. முழங்காலில் அடிபட்டவனுக்கு முதுகைத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை போய்வா என்று அனுப்பிய வைத்தியம்.

சம்யுக்தா அந்த மூலையைத் திறந்தாள். பழைய வேப் ஒவ்வொன்றுக்கும் பாப்பாவின் பைகள் வீங்கி, வெந்து, தழும்பேறியிருந்தன. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஏலக்காய் வாசனை வேப்பில் போய் நிறுத்தினாள். குழாய்ச் சேதம் ஒன்பது. பச்சைப் பட்டை. அதன் கீழே அவளுடைய கையெழுத்து. பைகளின் சேதம், சுத்தமான காற்றை மட்டும் சுவாசித்த பாப்பாவைவிட நாலு மடங்கு.

அந்த ஏலக்காய் வேப்பைத்தான் அவள் நிகிலனுக்கு வாங்கிக் கொடுத்தாள். இருபது வயதில் அவன் வாயில் சிகரெட் வாடை அடித்ததும் ஓர் அறை விட்டு, ஆறு மாதப் பழக்கத்தை நிறுத்தி, இந்தக் குழலைக் கையில் திணித்தாள். 'நானே சோதிச்சதுடா. நூத்துக்கு ஒம்பதுதான். இதையாவது இழுத்துத் தொலை.' அவன் இழுத்தான். பதினோரு வருடம் அக்கா பேச்சைத் தட்டாமல் இழுத்தான்.

கிருபாகரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மெழுகுத் துண்டைத் தானும் ஒருமுறை பார்த்தார். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க," என்றார்.

"நல்ல வேலையா? இருபத்திரண்டு வருசமா நாம குடுத்த பச்சைப் பட்டை அத்தனையும் பொய் சார். சிகரெட்டு மோசம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அதைவிட இது எவ்வளவு குறைச்சல்னு நமக்குத் தெரியவே தெரியாது. தெரியும்னு நாம எழுதிக் குடுத்திருக்கோம்."

"உக்காருங்க சம்யுக்தா."

"உக்கார முடியல. எதைவிடக் குறைச்சல், எதைவிடக் குறைச்சல்னே கேட்டுட்டு இருந்திருக்கோம். வெறுங்காத்தைவிட எவ்வளவு கூடன்னு ஒருத்தரும் கேக்கலை."

"காத்தை யாரும் விக்கறதில்லையே," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சம்யுக்தாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த மனிதருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

பிறகு அவர் மேசையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். சட்டம் எப்படியும் மாறப்போகிறதாம். சிகரெட் பிடிப்பவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? கம்பெனிகள் அடுத்ததாக ஒரு மென்தூள் கொண்டுவருகின்றன. ஆவியில்லை, வாடையில்லை, மூக்கில் ஓர் இழுப்பு. அதை இனிமேல் வேப்போடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு வேப் பிடித்தே கெட்டுப்போன ஒரு நுரையீரல் வேண்டும். பெரியவருக்கு ஓய்வு.

"அப்ப நடந்த தப்பு?"

"அளவுகோலே போகுதுங்க. போன அளவுகோல்ல தப்புன்னு யார் கேக்கப்போறாங்க?" தாளை அவள் பக்கம் திருப்பினார். "உங்க தம்பி. பதினோரு வருசம், ஒரே வாசனை. தேடினாலும் இப்படி ஒரு ஆள் கெடைக்காது. துண்டு குடுக்கறவங்களுக்கு ஒட்டு வரிசையில முதல் இடம். வர்ற வெள்ளிக்கிழமையே வெச்சிரலாம். ஒட்டு ஒரு வருசம்தான் தாங்கும், தெரியுமில்ல? வருசா வருசம் புதுசு வெக்கணும். அதுக்கும் ஆயுசு முழுக்க முதல் இடம்."

சம்யுக்தா தாளைப் படித்தாள். பெயர், வயது, பழக்கம் எல்லாம் ஏற்கெனவே அடித்திருந்தது. தொழில் என்ற இடத்தில் 'அலுவலக எழுத்தர்' என்று இருந்தது.

"அவன் கிரைண்டர் பட்டறையில கல்லு கொத்தறவன் சார். பதினாலு வருசமா. அவன் நெஞ்சுல ஆவி எவ்வளவு, கல்லுத் தூசி எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது."

"பட்டறையில பில்லு எழுதியிருப்பார்ல? ஒண்ணு ரெண்டாவது?"

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"கல்லு கொத்தறவர்னு எழுதினா அந்தத் துண்டு அளவுகோலுக்கு ஆகாது. வேற ஆளத் தேடணும். அவர் நானூத்திப் பதினொண்ணாவது ஆளா இருப்பார். நான் வற்புறுத்தலைங்க. சரிபார்த்தவர்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிகிலன் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். படுக்க முடிவதில்லை. செவுத்துல சாஞ்சே கெடந்தாரு என்று துளசிமணி சொன்னது சம்யுக்தாவின் காதில் ஒலித்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் கேட்டு முடித்ததும் வெகுநேரம் மூச்சு வாங்கினான்.

"ஒம்பதுன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன்."

"வாயில ஊட்டி விட்டமாதிரி குடுத்தியே."

"குடுத்தேன்டா. திட்டணும்னா திட்டு."

"திட்டறதுக்கு மூச்சு வேணும்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். நகக்கண்ணில் கல்லின் வெள்ளை எத்தனை குளித்தாலும் போகாது. "எதால வந்துச்சு எனக்கு? கல்லாலயா, ஆவியாலயா?"

"ரெண்டும் இருக்கலாம். எது எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது. உள்ளதைச் சொல்லி உன் துண்டை ஆராய்ஞ்சா தெரியும்."

"பொய் சொல்லிக் குடுத்தா?"

"தெரியாமலே போயிரும். உனக்கும் தெரியாது, பட்டறையில இருக்கற மத்தவங்களுக்கும் தெரியாது, வேப் இழுக்கற பசங்களுக்கும் தெரியாது."

அப்போது சுகாதார அதிகாரி வந்தாள். சின்ன வயசுப் பெண். துண்டு கொடுப்பவர் தன் வாயால் சொல்வதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது விதி. கருவியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கேட்டாள். பெயர் கேட்டாள், சொன்னான். வேப் எத்தனை வருடம் என்றாள், பதினொன்று என்றான்.

"வேலை?"

நிகிலன் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். சம்யுக்தா கட்டிலை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டியிருக்கலாம். அறையை விட்டு வெளியே போயிருந்தால்கூட அவன் தன்னிஷ்டத்துக்குப் பேசியிருப்பான். அவள் அசையவில்லை. அவன் பொய் சொல்ல வேண்டும் என்று அவள் மனசு துடித்தது. வேறு எதுவுமே அந்த நிமிடத்தில் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஆபீஸ் வேலைங்க," என்றான் நிகிலன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

சம்யுக்தா கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒட்டு வைத்தார்கள். பத்தாம் நாள் நிகிலன் மல்லாந்து படுத்துத் தூங்கினான். மூன்றாம் வாரம் மாடிப்படி ஏறினான். வீட்டுக்கு வந்து நாலு தோசை தின்றான். அக்காவோடு மட்டும் பேச்சு குறைந்துபோனது. தட்டை வைத்தால் சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான். மூச்சு இழையும் அந்தச் சத்தத்துக்காக அவள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

ஆய்வகத்தில் பெரியவரின் இடத்துக்குப் புதுப் பெட்டி வந்தது. கொடுத்தவர் யாரென்று ஊழியர்களுக்குச் சொல்வதில்லை. இளம் நுரையீரல் என்பதால் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மாப்பிள்ளை நல்லா ஊதியிருக்காருங்க மேடம்," என்று ஒருவன் சிரித்தான். சம்யுக்தா எரிந்து விழுந்ததில் அவன் அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை.

இனிமேல் பெட்டிகளின் சீட்டை உள்பக்கம் ஒட்ட வேண்டும், ஆயுத பூஜைக்கு யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்று கிருபாகரன் ஓர் ஆணையும் போட்டார். பெரியவரை மருத்துவக் கழிவோடு சேர்த்து எரித்துவிடச் சொன்னார்.

இயந்திரத்தைச் சம்யுக்தாவே நிறுத்தினாள். பதினாறு தடவை உப்பியது பன்னிரண்டானது, ஏழானது, பிறகு ஒரேயொரு முறை பாதி உப்பி அப்படியே அடங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. துண்டை ஈரத்துணியில் சுற்றி, தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி அதில் வைத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டைத் தாண்டி எடுத்துப் போனாள். கழிவுப் பையில் வேறெதையோ போட்டுச் சீல் வைத்திருந்தாள். அந்த ஆய்வகத்தில் பொய்யாக எழுதுவதற்கு அவள் நன்றாகவே பழகிவிட்டாள்.

துளசிமணி ஸ்டூலில் இருந்தாள். மழையிலும் வெயிலிலும் அட்டையின் எழுத்து வெளிறியிருந்தது.

"நீங்க சொன்னது சரிங்க," என்றாள் சம்யுக்தா. "அவர் பீடி குடிக்கலை. நிறுத்தியாச்சு."

துளசிமணி டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. மூடிமேல் கையை வைத்தபடி சற்றுநேரம் இருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி இருந்தது அது.

"எங்கம்மாள எரிச்ச எடத்துலயே எரிச்சுப்போடறேன்," என்றாள். பிறகு, "இவருக்குப் பதிலா யார வெச்சிருக்கறீங்க?"

சம்யுக்தா திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"பொட்டி காலியா இருக்காதல்ல. யாரு?"

"என் தம்பிங்க."

"அவனும் மில்லா?"

"கிரைண்டர் கல்லு கொத்தறவன்."

"அப்படித்தான் எழுதியிருக்கறியா?"

"இல்லைங்க." கேட்காமலே மீதியும் வந்தது. "ஆபீஸ் வேலைன்னு சொன்னான். நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்."

துளசிமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் ஒரு துளிகூட இல்லை. "எங்கய்யன் பத்து நிமிசக் காத்துக்குச் சொன்னாரு. உன்ற தம்பிக்கு எத்தன?"

"ஒரு வருசம். அப்பறம் வருசா வருசம்."

"பரவால்ல," என்றாள் துளசிமணி. டப்பாவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கிளம்பப்போகிறாள் என்று சம்யுக்தா நினைத்தாள். ஆனால் அவள் அட்டையைத் திருப்பி, எழுதாத பக்கத்தைத் துடைத்து, மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அதான் குடுத்துட்டனே. இன்னும் ஏனுங்க உக்கார்றீங்க?"

"எங்கய்யனுக்கு முடிஞ்சுது. உன்ற தம்பிக்கு யாராச்சும் உக்காரோணுமல்ல?"

சம்யுக்தா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாங்கம்மா. வெளிய தெரிஞ்சா அடுத்த ஒட்டு கிடைக்காது. செத்துப்போயிருவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நாப்பது வருசம் கழிச்சு எவளாச்சும் ஒருத்தி இந்த எடத்துல ஸ்டூல் போட்டு உக்காரோணுமா? அதுக்குள்ள இன்னும் எத்தன பேரு எதை எதை இழுத்துச் சாவானுக?" டீக்கடைக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "தம்பி, அந்தக் கணக்கு எழுதற பேனாவக் குடு."

பேனா வந்தது. துளசிமணி மூடியைக் கழற்றி, அட்டையை முழங்காலில் நிறுத்திக்கொண்டாள். "பேரு சொல்லு."

சம்யுக்தா கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிச் சன்னலில் கிருபாகரன் நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். போன் ஒருமுறை அதிர்ந்தது. நிகிலன். மூன்று வாரத்தில் அவனாக அனுப்பிய முதல் செய்தி. 'கல்லா, ஆவியான்னு நான் கேட்டதுக்குப் பதில் எப்பவாவது தெரியுமா?' என்று மட்டும் இருந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். துளசிமணி அவசரப்படுத்தவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"நிகிலன்," என்றாள் சம்யுக்தா. "கல்லு கொத்தற வேலை. பதினாலு வருசம்."

துளசிமணி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள்.